ஹிபாச்சி என்பது அடுப்பே இல்லை

கேள்வி இதுதான்: குன்னூரில் வீடு, டிசம்பர் குளிர் தாங்கவில்லை. ஜப்பானில் கரி போட்டுக் குளிர்காய ‘ஹிபாச்சி’ என்று ஒன்று உண்டாமே என்று ஆன்லைனில் தேடினால், கம்பி வலை போட்ட இரும்பு கிரில்லைத்தான் எல்லாக் கடையும் காட்டுகிறது. பழைய ஜப்பானியப் புகைப்படங்களிலோ சாம்பல் நிரப்பிய பீங்கான் தொட்டியாக இருக்கிறது. எது நிஜம்? ஷிச்சிரின், இரோரி, கொதாட்சு என்று வேறு பெயர்களும் அடிபடுகின்றன. இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? ஒன்றை வாங்கி வீட்டுக்குள் வைக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். காரணம் கீழே வரும். ஓசாகாவில் 6 வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசி 3 வருடம் நாரா பக்கம் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஹிபாச்சி, ஷிச்சிரின் இரண்டையும் புழங்கி, இரண்டிலும் சொதப்பிக் கற்றுக்கொண்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

நீங்கள் புகைப்படத்தில் பார்த்த பீங்கான் தொட்டிதான் அசல் ஹிபாச்சி. ‘ஹி’ என்றால் நெருப்பு, ‘ஹாச்சி’ என்றால் சட்டி. நெருப்புச் சட்டி, அவ்வளவுதான். தமிழில் இதற்குக் கணப்புச்சட்டி என்று கச்சிதமான சொல் இருக்கிறது. அதற்கும் முன்னால், சங்கப் பாட்டில் வாடைக்காற்றுக்கு நடுங்கியவர்கள் குளிர்ந்த தண்ணீரைத் தொடாமல் அகன்ற வாய் கொண்ட ‘தடவு’ என்ற பாத்திரத்தில் நெருப்பு இட்டுக் காய்கிறார்கள். ஹிபாச்சியைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தடவுதான் நினைவுக்கு வந்தது.

அப்படியானால் இரும்பு கிரில்லுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? அமெரிக்காவில் ஏற்பட்ட குழப்பம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சின்ன வார்ப்பிரும்பு கரி அடுப்புகள் அங்கே ஹிபாச்சி என்ற பெயரில் விற்பனையாயின. 1964இல் ஹிரோவாகி அயோக்கி என்பவர் நியூயார்க்கில் பெனிஹானா உணவகத்தைத் தொடங்கினார். விருந்தாளிகளுக்கு எதிரே சமையல்காரர் வெங்காயத்தை அடுக்கி எரிமலை விடுவாரே, அந்தப் பாணி அமெரிக்கா முழுக்கப் பரவியபோது அதற்கும் ஹிபாச்சி என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் அதன் பெயர் தெப்பன்யாக்கி. தட்டையான இரும்புக் கல், கரியே கிடையாது. ஒரு ஜப்பானியரிடம் போய் ‘ஹிபாச்சியில் சமைத்த கோழி சாப்பிட்டேன்’ என்று சொன்னால், சாம்பல் தொட்டிக்குள் கோழியா என்று விழிப்பார்.

இந்தப் பாத்திரங்களைப் பெயர் வைத்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். நம் குமுட்டி அடுப்பில் அடியில் ஒரு வாசல் இருக்கும். விசிறியால் அங்கே வீசினால் கரி தகதகவென்று பற்றும். ஷிச்சிரின் அந்தச் சாதி. காற்று கீழிருந்து மேலே ஏறும், சூடு மிகும், அதனால் சமைக்கலாம். ஹிபாச்சிக்கு வாசலே கிடையாது. அடியில் முழுக்கச் சாம்பல், அதன் மேல் நாலைந்து துண்டு கரி. காற்று மேலேயிருந்து மட்டும், அதுவும் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். எனவே கரி நிதானமாக, மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சமைக்கப் போதாது, கை காய்ச்சப் போதும். ஒன்று அடுப்பு, மற்றொன்று கணப்பு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஹிபாச்சியில் முக்கியமான பொருள் கரி என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். கியோத்தோவின் தோஜி கோயிலில் மாதாமாதம் 21ஆம் தேதி கூடும் சந்தையில் நீலப் பளபளப்புப் பூசிய ஒரு பழைய ஹிபாச்சியை வாங்கி, மூச்சு வாங்க ரயிலில் தூக்கி வந்து, அடியில் ஒரு கை அளவு சாம்பலைப் போட்டு மேலே கரியைக் கொட்டினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பக்கத்தில் வயதான பெண்களை ‘ஓபாச்சான்’ என்போம். எனக்கும் அவர் ஓபாச்சான்தான். “சாம்பல் எங்கே?” என்றார். இதோ இருக்கிறதே என்றேன். இது போதாது, தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் சாம்பல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய தகர டின்னைக் கொண்டுவந்தார். அவருடைய மாமியார் காலத்துச் சாம்பலாம். சல்லடையில் சலித்துச் சலித்து மாவு போல மிருதுவாகியிருந்தது. விரலால் தொட்டால் பட்டுப் போல வழுக்கியது.

ஏன் இவ்வளவு சாம்பல்? கரியின் சூடு தொட்டியின் அடியைத் தாக்கினால் பீங்கான் விரிசல் விடும், கீழே இருக்கும் தத்தாமிப் பாய் கருகும். சாம்பலின் துகள்களுக்கு இடையே காற்று அடைபட்டிருப்பதால் அது சூட்டைத் தடுக்கும் மெத்தை. கரியைச் சுற்றிச் சாம்பலைக் குன்று போலக் குவித்தால் வேகம் குறையும். கொஞ்சம் விலக்கினால் வேகம் கூடும். கேஸ் அடுப்பின் குமிழை நாம் திருகுவதை அவர்கள் சாம்பலால் செய்தார்கள். அப்புறம், தொட்டிச் சாம்பல் முழுவதும் சூடேறிவிட்டால், தணல் அடங்கிய பிறகும் வெதுவெதுப்பு வெகுநேரம் நிற்கும். வைக்கோல் சாம்பல் லேசானது, மரச்சாம்பல் கொஞ்சம் கனமானது. இரண்டையும் கலந்து வைத்திருந்தவர்களும் உண்டு.

இரவில் படுக்கப் போகும் முன் மிச்சத் தணலைச் சாம்பலுக்குள் புதைத்துவிடுவார்கள். விடிந்ததும் கிளறினால் உள்ளே சிவப்பாகக் கண் விழிக்கும். அதில் புதுக் கரியைச் சேர்த்தால் தீப்பெட்டி தேவையில்லை. இதற்கு ஜப்பானிய மொழியில் ‘உசுமிபி’, அதாவது புதைத்த நெருப்பு என்று பெயர். குளிர்காலக் கவிதைகளில் அடிக்கடி வரும் சொல். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் நாம் அதை அடங்கிக் கிடக்கும் கோபத்துக்குச் சொல்கிறோம், அவர்களோ குளிர்கால இரவின் அமைதிக்குச் சொல்கிறார்கள். ஒரே தணல்தான்.

ஹிபாச்சிக்கு ஒரு சின்ன பரிவாரம் உண்டு. கரியை எடுக்க இரண்டு நீளமான உலோகக் குச்சிகள். சாப்பிடும் குச்சி போலவே பிடிக்க வேண்டும், பெயர் ஹிபாஷி. சாம்பலைச் சமன்படுத்த சீப்புப் பல் வைத்த சின்னத் தகடு. வேலையில்லாதவர்கள் அதைக் கொண்டு சாம்பலில் அலை அலையாகக் கோலம் இழுத்துக்கொண்டு இருப்பார்கள். நானும் ராத்திரி முழுக்க அதைத்தான் செய்தேன். கெட்டிலை வைக்க ‘கொதொக்கு’ என்ற இரும்பு முக்காலி வளையம், கால்கள் சாம்பலுக்குள் புதைந்திருக்கும். தணலைத் தூக்கிவர நீளக் கைப்பிடி போட்ட கரண்டி. மிச்சக் கரியை அணைக்க மூடி போட்ட ஒரு பானை: உள்ளே போட்டு மூடினால் காற்றில்லாமல் தானே அணையும். அப்படி அணைந்த கரி அடுத்த நாள் சட்டென்று பற்றும் என்பதால் அதைப் பத்திரப்படுத்துவார்கள். நம் பாட்டிமார் கொள்ளியைத் தண்ணீர் தெளித்து அணைத்து அடுப்புக்கரி சேர்த்த அதே சிக்கனம்தான், ஆனால் ஈரமில்லாத வழி. ஹிமேஜி நகரில் சாமுராய்க் கவசம் அடித்துக்கொண்டிருந்த மியோச்சின் என்ற கொல்லர் குடும்பம், கவசத்துக்குத் தேவை போனதும் ஹிபாஷி அடித்தது. ஹிபாஷிக்கும் தேவை போனதும் அதே குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்டுக் காற்றுமணி செய்தது. இன்றும் செய்கிறது, சத்தம் அவ்வளவு தெளிவு.

கொதொக்கின் மேல் இரும்புக் கெட்டில் எப்போதும் இருக்கும். வறண்ட குளிர்கால அறைக்கு அதிலிருந்து வரும் ஆவி நல்லது, தேநீருக்கு வெந்நீரும் தயார். ஒருநாள் அந்தக் கெட்டிலைத் தூக்கும்போது கை நழுவி, ஒரு மடக்குத் தண்ணீர் தணலில் கொட்டிவிட்டது. ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அடுத்த நொடியில் அறை முழுக்கச் சாம்பல் மேகம். பாய், போர்வை, லேப்டாப், என் தலை, எதுவும் மிச்சமில்லை. இதற்கென்றே அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: ‘ஹைகாகுரா’. ‘ஹை’ சாம்பல், ‘காகுரா’ சாமி முன்னால் ஆடும் கூத்து. சாம்பல் சாமியாடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விபத்துக்குத் தனிப்பெயரே இருக்கிறதென்றால் எத்தனை வீட்டில் நடந்திருக்கும்!

வடிவங்கள் பல. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டு வாக்கில் அரண்மனைப் பணிப்பெண்ணாக இருந்த செய் ஷோனகொன், குளிர்காலக் காலையில் ஆட்கள் அவசரமாகத் தணலைத் தூக்கிக்கொண்டு போவதை ரசித்து எழுதிவிட்டு, மதியம் குளிர் குறைந்ததும் கணப்பில் வெள்ளைச் சாம்பல் மண்டிக் கிடப்பது பார்க்கச் சகிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அவர் பார்த்தவை உள்ளே தகடு போர்த்திய மரக் கணப்புகள். பிறகு வெண்கலம், பீங்கான், சுடுமண் எல்லாம் வந்தன. விருந்தாளி ஒருவருக்கு மட்டும் முன்னால் வைக்கும் ‘தெஆபுரி’ என்ற குட்டிச் சட்டியும் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது எடோ காலத்து (1603 முதல் 1868 வரை) ‘நாகஹிபாச்சி’. நீளமான மரப்பெட்டி, உள்ளே செம்புத் தகடு, ஒரு பக்கம் இழுப்பறைகள். சூட்டில் அந்த இழுப்பறைகள் எப்போதும் காய்ந்திருக்கும் என்பதால் கடற்பாசித் தாள், தேயிலை, புகையிலை எல்லாம் அதற்குள் நமுத்துப் போகாமல் இருக்கும். தணலுக்குப் பக்கத்தில் ‘தோகோ’ என்ற செம்பு நீர்ப்பெட்டி, அதில் சாக்கே என்ற அரிசி மதுக் குடுவையை இறக்கி வெதுவெதுப்பாக்குவார்கள். இழுப்பறைக்கு மேலே ஒரு பலகை. தேநீர்க் கோப்பை வைக்கத்தான் அது. ஆனால் இளஞ்சூடாக இருப்பதால் வீட்டுப் பூனை ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதன் பெயரே ‘நெகோஇதா’, பூனைப் பலகை. தச்சர்கள் பூனைக்குத் தோற்றுப்போய்ப் பெயரையும் அதற்கே எழுதி வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நியாயமான சந்தேகம் வரும்: நாலு துண்டு கரி ஒரு அறையைச் சூடாக்குமா? ஆக்காது. ஆக்கவும் அவர்கள் நினைக்கவில்லை. கொரியர்கள் தரைக்கு அடியில் சூட்டை ஓடவிட்டு அறையையே சூடாக்கினார்கள். ஜப்பானியர்கள் அறையை அப்படியே குளிரில் விட்டுவிட்டு ஆளை மட்டும் சூடாக்கினார்கள். கை, கால், மடி. 14ஆம் நூற்றாண்டுத் துறவி யோஷிதா கென்கோ, வீட்டைக் கோடைக்கு ஏற்றபடி கட்டு, குளிர்காலத்தில் எங்கேயும் இருந்துகொள்ளலாம் என்று எழுதி வைத்தார். கசகசவென்று புழுங்கும் அவர்களுடைய கோடையில் இருந்தவர்களுக்கு அது புரியும். மரச்சட்டம், காகிதக் கதவு, நாலாபக்கமும் இடுக்கு. என் நாரா வீட்டில் ஜனவரி காலையில் சமையலறை எண்ணெய் உறைந்திருக்கும். ஆனால் அந்த இடுக்குகள்தான் கரியின் நச்சு வாயுவிலிருந்து ஆளைக் காப்பாற்றின. இது முக்கியம், பிறகு வருகிறேன்.

கொதாட்சு இதே யோசனையின் அடுத்த படி. தாழ்வான மேசைக்கு அடியில் தணல், மேலே பெரிய ரஜாய், அதற்குள் காலை நீட்டிக்கொண்டு குடும்பமே சுற்றி உட்காரும். தரையில் குழி வெட்டி அதற்குள் கரி வைத்ததும் உண்டு, தூக்கி வைக்கும் மண்சட்டியும் உண்டு. கரித்தூளைப் பிசைந்து உருட்டிய ‘தாதோன்’ உருண்டைகளை இதற்குப் பயன்படுத்தினார்கள். பழைய நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் பன்றி நாள் பார்த்துத்தான் கொதாட்சுவையும் ஹிபாச்சியையும் வெளியே எடுப்பார்கள். ஐம்பூதக் கணக்கில் பன்றி தண்ணீருக்கு உரியது, எனவே வீடு தீப்பிடிக்காது என்று நம்பிக்கை. 1957இல் தோஷிபா மின்சாரக் கொதாட்சுவைக் கொண்டுவந்தது. இன்று கொதாட்சு என்றால் அதுதான், கரி கிடையாது. அதற்கு 2 வருடம் முன்பு அதே கம்பெனி மின்சார அரிசிக் குக்கரையும் கொண்டுவந்து, மண்ணால் கட்டிய ‘கமாதோ’ அடுப்புக்கும் முடிவு கட்டியிருந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ‘முஷிகமாதோ’ என்ற உருண்டை அடுப்பு மட்டும் அமெரிக்கச் சிப்பாய்களோடு கடல் கடந்து போனது. இன்று தோட்டத்தில் வைத்து இறைச்சி வாட்டுகிறார்களே, முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு, அதன் தாத்தா அதுதான்.

ஹிபாச்சிக்கும் அந்த வருடங்களில்தான் அடி விழுந்தது. ஷிகா மாநிலத்து ஷிகராகி என்ற மண்பாண்ட ஊர், நாட்டின் பீங்கான் ஹிபாச்சிகளில் பெரும்பங்கைச் செய்துகொண்டிருந்தது. 1941இல் வந்த உலோகச் சேகரிப்பு ஆணையில் வீட்டு வெண்கலக் கணப்புகளெல்லாம் போருக்குப் போய்விட, மண் ஹிபாச்சிக்கு மவுசு இன்னும் கூடியிருந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் கேஸும் வந்ததும் அந்தச் சந்தை சரிந்தது. ஷிகராகிக் குயவர்கள் பூந்தொட்டிக்கு மாறினார்கள். ஹோட்டல் வாசலில் தொப்பையும் தொப்பியுமாக நிற்கும் ‘தனுகி’ (நாய் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டு விலங்கு) பொம்மையையும் செய்தார்கள். 1951இல் பேரரசர் வந்தபோது ஊர்ப் பாதையில் தனுகிகளை வரிசையாகக் கொடி பிடிக்க வைத்து வரவேற்றதிலிருந்து அது நாடெங்கும் பிரபலம். வீடுகளில் கிடந்த ஹிபாச்சிகள் குடை வைக்கவும், மீன் வளர்க்கவும் போயின. சந்தையில் அவை சல்லிசாகக் கிடைப்பதற்குக் காரணமும் அதுவே.

சரி, ஷிச்சிரினுக்கு வருவோம். உங்களுக்குப் பயன்படப் போவது இதுதான்.

ஷிச்சிரின் ஒரு வாளி அளவு அடுப்பு. மேலே அகலம், நடுவில் துளை போட்ட தட்டு, அதன் மேல் கரி, அடியில் திறந்து மூடும் சின்னக் கதவு. ஓசாகா, கியோத்தோ இருக்கும் கன்சாய் பக்கம் இதைக் ‘கந்தெக்கி’ என்பார்கள். ஏழு ‘ரின்’ காசுக்கு வாங்கிய கரி ஒருவேளைச் சமையலுக்குப் போதும், அதனால் ஷிச்சிரின் என்று பெயர்க் காரணம் சொல்வார்கள். ஒரு ரின் என்பது யென்னில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கதை உண்மையோ இல்லையோ, சிக்கனம் உண்மை.

நல்ல ஷிச்சிரின் வருவது நோத்தோ தீபகற்பத்தின் முனையில் இருக்கும் சுஸு நகரத்திலிருந்து. அந்த மண் சாதாரணக் களிமண் இல்லை. கோடிக்கணக்கான நுண்பாசிகளின் ஓடுகள் கடலடியில் படிந்து உருவானது. ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் வெற்றிடம், அதாவது காற்று. ஹிபாச்சியில் சாம்பல் செய்கிற வேலையை இங்கே மண்ணே செய்கிறது. உள்ளே கரி தகிக்கும்போதும் வெளிச்சுவர் அவ்வளவு சுடாது. சூடு வெளியே கசியாமல் மேலே திரும்பும். சுரங்கத்துக்குள் போய் உளியால் கட்டி கட்டியாக வெட்டியெடுத்து, அந்தக் கட்டியையே அடுப்பு வடிவத்துக்குச் செதுக்கிச் சுடுவார்கள். இதற்கு ‘கிரிதாஷி’ என்று பெயர், வெட்டியெடுத்தது. பொடியாக்கி அச்சில் அழுத்திச் செய்வது மலிவு. அதில் மண்ணின் இயற்கையான அடுக்கு குலைந்துபோவதால் ஆயுள் குறைவு. 2024 ஜனவரி 1 அன்று 7.6 அளவு நிலநடுக்கம் நோத்தோவைப் புரட்டிப் போட்டபோது சுஸுவின் ஷிச்சிரின் சூளைகளும் இடிபட்டன. மீண்டு வருகிறார்கள், ஆனால் இந்தத் தொழிலில் கை மிகக் குறைவு.

இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல் நாள் ‘சன்மா’ மீன் சுட்டேன். இலையுதிர்காலத்தில் வரும் நீளமான வெள்ளி மீன், கொழுப்பு சொட்டச் சொட்டப் புகை கிளம்பும். அதனால்தான் வாசலில் வைத்துத்தான் சுடுவார்கள். மீன் பிரமாதம். அடுப்பெல்லாம் எண்ணெய் ஆகிவிட்டதே என்று மறுநாள் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன். பார்க்கக் காய்ந்தது போலத்தான் இருந்தது. அடுத்த முறை கரி போட்டதும் ‘டப்’ என்று ஒரு சத்தம், மேலிருந்து கீழ்வரை விரிசல். அந்த மண் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவிடும், உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிப் பிளந்துவிடும். ஷிச்சிரினைக் கழுவவே கூடாது, தணலில் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் கூடாது. கதவை மூடிவிட்டுத் தானாக அடங்கவிட வேண்டும். படிந்த கொழுப்பு அடுத்த முறை சூட்டிலேயே எரிந்துபோகும்.

இரோரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அது பாத்திரமே இல்லை, வீட்டின் ஒரு பகுதி. தரையில் சதுரமாக வெட்டிய குழி, அதில் சாம்பல், பெரும்பாலும் கரியல்ல, விறகுதான். உத்தரத்திலிருந்து ஏற்றி இறக்கும் கொக்கி தொங்கும், அதில் பானை. கொக்கியை நிறுத்தும் கட்டையை மீன் வடிவில் செதுக்குவார்கள், மீன் என்றால் தண்ணீர், தீக்குக் காப்பு. புகை மேலே போய்க் கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கும். ஷிரகவாகோ என்ற மலைக்கிராமத்தின் பெரிய புல் கூரை வீடுகள், 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை, இந்தப் புகையில்தான் தலைமுறை தலைமுறையாக நின்றன. இரோரியைச் சுற்றி யார் எங்கே உட்காருவது என்பதற்குக் கண்டிப்பான வரிசை உண்டு. ‘யொகொசா’ என்ற தலைமை இடம் குடும்பத் தலைவருக்கு மட்டும். மற்றபடி அங்கே போய் உட்காருவது பூனை, முட்டாள், சாமியார் மூன்று பேர்தான் என்று ஒரு பழமொழி. விறகின் வால் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம், புகை முகத்தில் அடிக்கும் பக்கம், மருமகளுக்கு. இதையும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

கரி பற்றிப் பேசாமல் முடியாது. பெயர் பெற்றது ‘பின்ச்சோதான்’. வாகயாமா மலைகளில் வளரும் உபாமே என்ற ஓக் மரத்தில் செய்வது. கென்ரோக்கு காலத்தில், அதாவது 1688க்கும் 1704க்கும் இடையில், தனாபே ஊரில் கரி வியாபாரம் செய்த பிச்சூயா ச்சோசாயெமோன் என்பவர் பெயரின் முன்னெழுத்துகள்தான் ‘பின்ச்சோ’. சாதாரணக் கரியைச் சூளையை மூடி உள்ளேயே ஆறவிடுவார்கள். ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தில் போடும் கரிமூட்டமும் இந்த வகைதான். பின்ச்சோதானில் கடைசிக் கட்டத்தில் சூளைக்குள் காற்றைவிட்டு 1000 டிகிரிக்கு மேல் ஏற்றி, வெள்ளையாகத் தகிக்கும் கட்டைகளை நீளக் கொக்கியால் வெளியே இழுத்து, ஈரமான சாம்பலும் மண்ணும் கலந்த கலவையைப் போட்டு மூடி அணைப்பார்கள். அந்தச் சாம்பல் மேலே ஒட்டிக்கொள்வதால்தான் ‘வெள்ளைக் கரி’ என்று பெயர். இரண்டு துண்டைத் தட்டினால் ‘கிணிங்’ என்று வெண்கலம் போல ஒலிக்கும். புகையும் வாடையும் மிகக் குறைவு, சூடு நீண்ட நேரம் ஒரே சீராக நிற்கும். கோழித்துண்டுகளைக் குச்சியில் கோத்துச் சுடும் யாக்கித்தோரி கடைக்காரர்களும் விலாங்கு சுடுபவர்களும் இதை விடமாட்டார்கள்.

ஆனால் ஹிபாச்சிக்கு இது அவ்வளவு தோதில்லை. பற்றவைக்க நேரமாகும், காற்று போதாவிட்டால் அணைந்துவிடும். ஈரம் கோத்த துண்டைத் திடீரென்று நெருப்பில் வைத்தால் பட்டாசு போல வெடிக்கும். முதலில் தள்ளி வைத்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும். ஹிபாச்சிக்குக் கறுப்புக் கரியே வசதி. அதில் உயர்ந்தது தேநீர்ச் சடங்குக்குப் போகும் ‘கிக்குசுமி’. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து கோடுகள் விரிந்து சாமந்திப்பூ மாதிரி இருக்கும், பெயரும் சாமந்திக் கரி. தேநீர்க்காரர்கள் அதைக் கழுவிக் காயவைத்து, அளவு பார்த்து வெட்டி, விருந்தாளி முன்னால் அடுக்குவதையே ஒரு சடங்காகச் செய்வார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் பதித்த கணப்பு, மே முதல் அக்டோபர் வரை தனியாக வைக்கும் கணப்பு. வெயில் காலத்தில் விருந்தாளிக்கு அனல் அடிக்கக்கூடாதாம். சாம்பலைத் தலைமுறைகளாகக் காத்து வருவார்கள். வீடு தீப்பிடித்தால் முதலில் சாம்பலைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று அவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஓபாச்சானின் தகர டின்னைத் திறந்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

இப்போது குன்னூர். கரி புகையாது என்பதுதான் அதன் பெரிய ஆபத்து. மரத்தில் புகைகிற பொருளெல்லாம் சூளையிலேயே போய்விட்டது. மிச்சமிருப்பது கார்பன். காற்று குறைவாகக் கிடைக்கும்போது அது முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்ஸைடை விடும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் பிடிக்க வேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கும் அதிகமான பற்றுதலோடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, மந்தம், தூக்கம். அப்படியே எழாமல் போகலாம். ஹிபாச்சி மெதுவாக, காற்றை அடக்கி எரிக்கும் பாத்திரம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த அழகே இங்கே வினை. ஜப்பானியப் பழைய வீட்டின் இடுக்குகள் உங்கள் கான்கிரீட் அறையில் இல்லை. கண்ணாடி ஜன்னலை அடைத்து, திரை போட்டு, கணப்பை வைத்துத் தூங்குவது தற்கொலைக்குச் சமம். மலை ஊர்களில் இப்படிக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து இறந்தவர்கள் பற்றிய செய்தியை நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள். இன்று ஜப்பானில் ஹிபாச்சி வைத்திருப்பவர்களும் ஜன்னலைத் திறந்து வைத்து, மோனாக்ஸைடு அலாரம் மாட்டி, தூங்கும் முன் தணலை அணைப்புப் பானையில் போட்டு மூடி வெளியே வைத்துவிட்டுத்தான் படுக்கிறார்கள். நீறு பூத்த நெருப்பைப் படுக்கையறையில் புதைத்து வைக்கும் காலம் அந்த வீடுகளோடு போய்விட்டது.

எனவே அறைக்கு மின்சார ஹீட்டர், படுக்கைக்கு வெந்நீர்ப் பை. ஜப்பானியர்களே ‘யுதான்போ’ என்று வெந்நீர்ப் பையைத்தான் காலடியில் வைத்துக்கொள்கிறார்கள். கரி ஆசை இருந்தால் திறந்த தாழ்வாரத்துக்கோ மொட்டைமாடிக்கோ ஒரு ஷிச்சிரின் வாங்குங்கள். இங்கே ‘ஹிபாச்சி’ என்று விற்கும் வார்ப்பிரும்பு கிரில்லும் கெட்ட பொருள் இல்லை, ஆனால் வெளிப்புறம் சுடும், கரியை அதிகம் தின்னும். வாங்கும்போது அடிக்கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று பாருங்கள். அது ஆடினால் காற்றை அடக்க முடியாது. கரிக்குக் கொட்டாங்குச்சிக் கரி போதும், சூடு நன்றாக நிற்கும். பின்ச்சோதானுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். குன்னூர் ஈரத்துக்கு அடுப்பை அட்டைப் பெட்டியில் போட்டு மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். புதிதாகவோ, மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த பிறகோ பற்றவைத்தால் முதலில் இரண்டே துண்டு கரி போட்டு அரை மணி நேரம் விடுங்கள், உள்ளிருக்கும் ஈரம் போகட்டும். அப்புறம் விசிறியை எடுங்கள்.